யாரிடமிருந்து சுதந்திரம்?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடுமானவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



காலையில் டீ குடிக்கும்போது ஒரு தம்பி எங்கிட்ட கேட்டார். "அண்ணே, பத்திரிகை சுதந்திரம் போச்சு போச்சுன்னு ஆளாளுக்கு அழுறாங்களே, அது என்னைக்கு நமக்கு இருந்துச்சு? என்டிடிவியை அதானி வாங்கினா நமக்கென்ன, பழைய முதலாளியே வச்சிருந்தா நமக்கென்ன?" பக்கத்தில் நின்ன தோழர்கள் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா சிரிச்சிட்டு விட்டுவிடுகிற கேள்வி இல்லை அது. எழுதிக் கொண்டுவந்த பேச்சை ஓரமா வச்சிட்டு, அந்தத் தம்பிக்குப் பதில் சொல்றதாகவே இதை வச்சுக்கிறேன்.

அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதியில் ஆபத்து இருக்கு. முதலில் உண்மையைப் பேசுவோம்.

தொண்ணூறுகளின் மத்தியில் நான் ஒரு தமிழ் நாளிதழுக்குத் தாலுகா அளவில் பகுதிநேர நிருபராக இருந்தேன். சம்பளம் கிடையாது. வெளியாகிற செய்திக்கு அளந்து காசு. செய்தியைக் கையால் எழுதி, கவரில் போட்டு, சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பணும். அவசரம்னா ஃபேக்ஸ், அதுக்குக் கைக்காசு. இதோட இன்னொரு வேலையும் உண்டு. தீபாவளி மலர், பொங்கல் மலர், ஆண்டு மலர் எல்லாத்துக்கும் விளம்பரம் பிடிச்சுத் தரணும். செய்தியில் வர்ற காசைவிட விளம்பரக் கமிஷன்தான் அதிகம். விளம்பரம் யார் தருவாங்க? ரைஸ்மில்காரர், ஜவுளிக்கடைக்காரர், பஸ் முதலாளி, தனியார் பள்ளிக்கூடம் நடத்துறவர். எங்க தாலுகாவில் இவங்க வீடெல்லாம் எந்தத் தெருவில் இருந்ததுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாள், ஒரு கிராமத்தில் நம்ம பையன் ஒருத்தன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாருக்கும் கொடுக்கிற கிளாஸில் எனக்கும் கொடுன்னு கேட்டான். அன்னைக்கு ராத்திரி சேரிக்குள் புகுந்து பதினோரு வீடுகளை நொறுக்கினாங்க. மூணு பெண்களுக்கு மண்டை உடைஞ்சது. நான் நேரில் போய்ப் பார்த்து எழுதினேன்: சேரிக்குள் புகுந்து தாக்குதல், 11 வீடுகள் சேதம், டீக்கடையில் தனிக் கிளாஸ். மறுநாள் பேப்பரில் ஆறு வரி வந்தது. தலைப்பு: 'இரு பிரிவினர் மோதல், போலீஸ் குவிப்பு'. வீடுகளைக் காணோம். கிளாஸைக் காணோம்.

மாவட்ட நிருபரிடம் போய்க் கேட்டேன். அவர் கெட்ட மனுசன் இல்லை. எனக்கு வேலை கத்துக்கொடுத்தவர். "தம்பி, சாதியைப் போட்டா பதற்றம் கூடும். அதோட, அந்த ஊர் ரைஸ்மில்லில்தானே நீ போன மாசம் அரைப்பக்கம் விளம்பரம் வாங்கிட்டு வந்த, மறந்துட்டியா?" என்றார். மறக்கவில்லை. அந்தக் கமிஷனில்தான் என் பிள்ளைக்குத் துணி எடுத்திருந்தேன்.

அடுத்த வாரம் அந்தச் சேரிக்குப் போனேன். தலையில் கட்டோட ஒரு பாட்டி. பேப்பரை யாரோ படிச்சுக் காட்டியிருக்காங்க. "ஏம்ப்பா, நாங்க யாரோட மோதினோம்? நாங்க தூங்கிட்டுல்ல இருந்தோம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்னைக்கு வரைக்கும் என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நாளில் நான் அந்த வேலையை விட்டுட்டேன்.

இதை என் சொந்தக் கதையாகச் சொல்லவில்லை. மாவட்ட நிருபர் சொன்ன பதிலில் இரண்டு சங்கிலிகள் இருக்கு. ஒன்று சாதி, இன்னொன்று விளம்பரம். அறிவுஜீவிகள் இதைத் தனித்தனியாக ஆராய்ச்சி பண்ணுவாங்க. சாதியைப் பேசுகிறவர் மூலதனத்தைப் பேச மாட்டார், மூலதனத்தைப் பேசுகிறவர் சாதியைத் தொட மாட்டார். நம்ம தாலுகாவில் அது இரண்டும் ஒரே ரைஸ்மில்லில் இருக்கு.

பத்திரிகைத் தமிழையே எடுத்துப் பாருங்க. அடிச்சவனும் அடிபட்டவனும் 'இரு பிரிவினர்'. சாதிக் கொலை என்றால் 'முன்விரோதம்'. சாதி மறுத்துக் கல்யாணம் பண்ணி வெட்டுப்பட்டால் 'காதல் விவகாரம்'. நம்ம ஆள் பாதிக்கப்பட்டவராக இருந்தால் 'குறிப்பிட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்'. அதே ஆள் மறியல் செய்தால் 'பொதுமக்களுக்கு இடையூறு'. அப்ப மட்டும் நாம பொதுமக்கள் இல்லை! இந்தச் சொற்கள் எந்த அரசாங்கமும் தணிக்கை செய்து திணித்தவை இல்லை. சுதந்திரமான பத்திரிகைகள் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தவை.

ஏன் இப்படி? செய்தி அறையில் யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பாருங்க. 1996இல் பி.என். உனியால் என்கிற பத்திரிகையாளர் டெல்லியில் 'பயனீர்' நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஓர் அமெரிக்க நிருபர் அவரிடம் ஒரு தலித் பத்திரிகையாளரை அறிமுகப்படுத்தச் சொல்லிக் கேட்கிறார். உனியால் யோசிச்சுப் பார்க்கிறார். முப்பது வருசமாகத் தொழிலில் இருந்தும் ஒருத்தரைக்கூடச் சந்தித்ததில்லை என்பது அப்பதான் அவருக்கு உறைக்குது. அரசு அங்கீகாரம் பெற்ற 686 பத்திரிகையாளர்களின் பட்டியலை எடுக்கிறார். 454 பேர் மேல்சாதிப் பட்டப்பெயர் வைத்தவர்கள். மீதி 232 பேரில் 47 பேரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார். அதிலும் ஒரு தலித் இல்லை.

பத்து வருசம் கழித்து, 2006இல் யோகேந்திர யாதவ், அனில் சமாடியா, ஜிதேந்திர குமார் மூணு பேரும் கணக்கெடுத்தாங்க. டெல்லியில் 37 பத்திரிகை, தொலைக்காட்சி நிறுவனங்கள். முடிவெடுக்கிற இடத்தில் 315 பேர். தலித், ஆதிவாசி ஒருத்தரும் இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் மேல்சாதியினர். தலித்தும் ஆதிவாசியும் அப்பவும் பூஜ்யம். இருபத்துமூணு வருசத்தில் எத்தனை ஆட்சி மாறிச்சு, எத்தனை சேனல் வந்துச்சு! மாறாதது அந்தப் பூஜ்யம் மட்டும்தான்.

அண்ணல் அம்பேத்கர் இதை எப்பவோ கண்டுகொண்டார். 1920 ஜனவரி 31இல் அவர் 'மூக்நாயக்' தொடங்கினபோது, காசு தருகிறோம், விளம்பரம் போடுங்கள் என்று திலகரின் 'கேசரி'யைக் கேட்டாங்க. காசுக்கும் போட மறுத்துட்டாங்க. 1943இல் புனாவில் ரானடே நினைவுக் கூட்டத்தில் பேசும்போது, பத்திரிகைத் தொழில் வியாபாரமாகிவிட்டது, சோப்புத் தயாரிப்பதில் இருக்கிற தார்மீகப் பொறுப்புக்கு மேல் அதில் எதுவும் இல்லை என்ற பொருளில் சொன்னார். 1945இல் எழுதின நூலில், அன்றைய முக்கியச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸில் இருப்பவர்கள் முழுக்க சென்னைப் பார்ப்பனர்கள், காங்கிரசுக்கு எதிரான செய்தியை அவர்கள் வெளியே விட மாட்டார்கள் என்று எழுதினார். சாதி, வியாபாரம், ஆளும் தரப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர் அவர். நாமும் அப்படித்தான் பார்க்கணும்.

சரி தம்பி, உங்க பக்கத்து நியாயத்தை எல்லாம் சொல்லிட்டேன். இப்ப மீதிப் பாதி.

"நமக்கென்ன" என்று சொல்லிட்டுப் போக முடியுமா?

2020 செப்டம்பர் 14. உத்தரப் பிரதேசம், ஹாத்ரஸ் மாவட்டம். வால்மீகி சமூகத்தைச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பெண்ணைத் தாக்கூர் இளைஞர்கள் கொடூரமாகத் தாக்கினார்கள் என்பது வழக்கு. இரண்டு வாரம் இந்தச் செய்தி தேசியச் சேனல்களில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. செப்டம்பர் 29இல் அந்தப் பெண் டெல்லி மருத்துவமனையில் இறந்துபோனார். அன்று நள்ளிரவுக்கு மேல், வீட்டார் கெஞ்சியும் கேளாமல், போலீஸே உடலை எரித்தது. ஒரு பெண் நிருபர் அங்கே இருந்தார். தூரத்தில் தீ எரியுது. அங்கே என்ன எரியுதுன்னு போலீஸ்காரரிடம் கேட்கிறார், பதில் இல்லை. அந்தக் காட்சி பதிவானது. மறுநாள் நாடே பார்த்தது.

அந்தக் கேமரா இல்லையென்றால் என்ன நடந்திருக்கும்? 'குடும்பத்தார் முன்னிலையில் இறுதிச் சடங்கு' என்று ஒரு செய்திக்குறிப்பு வந்திருக்கும். 2006 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சியில் ஒரே குடும்பத்தில் நாலு பேரைக் கொன்றார்களே, அங்கே அப்படித்தானே நடந்தது? கள்ளத்தொடர்பு விவகாரம் என்ற கதைதான் முதலில் ஓடியது. நம்ம மக்கள் நாக்பூர் தெருக்களில் இறங்கிப் போராடிய பிறகுதான் பெரிய பத்திரிகைகள் அந்த ஊர் எங்கே இருக்குன்னு தேடினாங்க.

ஹாத்ரஸில் அந்தக் கேமராவுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் கவனியுங்க. ஊரைச் சுற்றித் தடுப்பு வைத்து, பத்திரிகையாளர்களை உள்ளே விடவில்லை. இறந்த பெண்ணின் அண்ணனோடு அந்த நிருபர் பேசிய தொலைபேசி உரையாடல் கசிய விடப்பட்டது. கற்பழிப்பே நடக்கவில்லை என்று போலீஸ் உயரதிகாரி சொன்னதைச் சில சேனல்கள் தீர்ப்பு மாதிரித் திரும்பத் திரும்ப ஓட்டின. அக்டோபர் 5இல் கேரளப் பத்திரிகையாளர் சித்திக் காப்பன் ஹாத்ரஸ் போகிற வழியிலேயே கைது செய்யப்பட்டார். ஊபா சட்டம் பாய்ந்தது. 2023 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். இருபத்தெட்டு மாதம்! எழுதிய செய்திக்காகக்கூட இல்லை, எழுதப் போனதுக்கு. 2023 மார்ச்சில் ஹாத்ரஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. கொலை என்றோ கற்பழிப்பு என்றோ நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒருவருக்கு மட்டும் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கும் வன்கொடுமைச் சட்டத்திலும் ஆயுள் தண்டனை. மூன்று பேர் விடுதலை. அந்த நாளில் எத்தனை சேனல் அந்தக் குடும்பத்து வாசலில் நின்றது?

தம்பி, நமக்கு இருந்தது சுதந்திரம் இல்லை. ஒரு சந்து. மேல்சாதி வீட்டுச் சுவருக்கும் முதலாளி வீட்டுச் சுவருக்கும் நடுவில், மனசாட்சி உள்ள ஒரு நிருபர், பயப்படாத ஓர் ஆசிரியர், போட்டிப் பத்திரிகை போட்டுவிடுமே என்கிற ஒரு பதற்றம், இப்படி ஒரு சந்து. நம்ம செய்தி வெளியே வந்ததெல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான். இப்ப அடைபடுவது அந்தச் சந்து. அடைபட்டால் முதலில் மூச்சு முட்டுவது மாடியில் இருப்பவருக்கா, நமக்கா?

எப்படி அடைக்கிறாங்க? 1975இல் அவசரநிலை வந்தபோது அது கண்ணுக்குத் தெரிந்தது. ஜூன் 25 ராத்திரி டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருந்த தெருவுக்கு மின்சாரத்தை நிறுத்தினாங்க. தணிக்கை அதிகாரி வந்து உட்கார்ந்தார். சில பத்திரிகைகள் தலையங்கத்தை வெற்றிடமாக விட்டு எதிர்ப்புக் காட்டின. பல பத்திரிகைகள் கேட்டதுக்கும் மேலாகவே பணிந்து போயின. ஆனால் இருபத்தொரு மாதத்தில் அது முடிஞ்சது. முடிஞ்சதுன்னு சொல்ல ஒரு தேதி இருந்தது.

இப்ப தணிக்கை அதிகாரி வர வேண்டியதில்லை. பத்திரிகையையே வாங்கிவிடலாம். 2014இல் நெட்வொர்க்18 ரிலையன்ஸ் கைக்குப் போனது. என்டிடிவி கதையைப் பாருங்க. 2009இல் அதன் நிறுவனர்கள் வேறொரு கம்பெனியிடம் சுமார் 400 கோடி கடன் வாங்குறாங்க. கடனைப் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமை அந்தப் பத்திரத்திலேயே இருந்தது. 2022 ஆகஸ்டில் அதானி குழுமம் அந்தக் கடன் கொடுத்த கம்பெனியை வாங்கிவிட்டது. கடன் பத்திரத்தோடு சேனலும் வந்துவிட்டது. அந்த வருசக் கடைசியில் அறுபது சதவீதத்துக்கு மேல் பங்கு அவர்கள் கையில். நவம்பர் 30இல் ரவீஷ் குமார் வெளியேறினார். சட்டவிரோதம் என்று ஒரு வரிகூட இதில் காட்ட முடியாது. நம்ம ஊரில் கந்துவட்டிக்காரன் நிலத்தை எழுதி வாங்குவானே, அதே வேலைதான். தொகை மட்டும் பெரிசு.

விற்க மறுப்பவனுக்கு வேறு வழி இருக்கு. அரசு விளம்பரத்தை நிறுத்தலாம். இல்லையென்றால் சோதனை. கங்கையில் பிணங்கள் மிதந்ததை எழுதின 'தைனிக் பாஸ்கர்' அலுவலகங்களில் 2021 ஜூலையில் வருமான வரிச் சோதனை. குஜராத் பற்றிய ஆவணப்படம் வந்த அடுத்த மாதமே, 2023 பிப்ரவரியில், பி.பி.சி. அலுவலகங்களில் 'ஆய்வு'. 2023 அக்டோபரில் நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்கயஸ்தா கைது. அந்தக் கைதே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் சொன்னது. ஏழு மாதம் சிறையில் இருந்தது திரும்ப வருமா?

இதெல்லாம் வடக்கே என்று தமிழ்நாட்டில் நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள முடியாது. இங்கே முதலாளி கட்சியை வாங்கவில்லை, கட்சியே முதலாளி. 1993இல் சன் டி.வி., பிறகு ஜெயா, மக்கள், கலைஞர் என்று ஒரு கட்சிக்கு ஒரு சேனல், ஒரு சேனலுக்கு ஓர் உண்மை. பிடிக்காத சேனல் அரசு கேபிளில் திடீரென்று காணாமல் போகிறது என்ற புகார் இரண்டு கழக ஆட்சிகளிலும் எழுந்திருக்கு. 1987இல் அட்டைப்பட நகைச்சுவைத் துணுக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியரைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. 2025 பிப்ரவரியில் பிரதமர் பற்றிய கார்ட்டூனுக்காக அதே விகடனின் இணையதளத்தை ஒன்றிய அரசு முடக்கியது.

வேங்கைவயலை நினைச்சுப் பாருங்க. 2022 டிசம்பரில் நம்ம மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தாங்க. இரண்டு வருசம் கழித்து, 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூணு பேரையே குற்றவாளிகளாகக் காட்டி சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. குற்றப்பத்திரிகை என்பது போலீஸின் கட்சி, தீர்ப்பு இல்லை. இந்த வித்தியாசம் எந்த உதவி ஆசிரியருக்கும் தெரியும். ஆனால் எத்தனை சேனல் அதைச் சொன்னது? ஆளுங்கட்சிச் சேனலுக்குப் போலீஸைக் கேள்வி கேட்க முடியாது. எதிர்க்கட்சிச் சேனலுக்கு ஊர்ச்சாதி ஓட்டு வேணும். இரண்டுக்கும் நடுவில் நம்ம மக்கள்.

ஆகவே தோழர்களே, "சுதந்திரப் பத்திரிகையைக் காப்போம்" என்று மேடையில் முழங்குகிற தாராளவாத நண்பர்களிடம் நாம் ஒண்ணு கேட்கணும்: யாரிடமிருந்து சுதந்திரம்? அரசாங்கத்திடமிருந்து மட்டும்தானா? முதலாளியிடமிருந்து? சாதியிடமிருந்து? பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே வைத்துக்கொண்டு நீங்கள் காப்பாற்றப் போவது எதை? அதேநேரம் "நமக்கென்ன" என்கிற நம்ம ஆளுங்களிடமும் கேட்கணும்: ஹாத்ரஸ் தீயை அடுத்த முறை யார் படம் பிடிப்பது? இந்த இரண்டு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்பதுதான் நம்ம நிலைப்பாடாக இருக்க முடியும்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிடுறேன்.

ஒண்ணு, மாணவர்கள் ஒரு நோட்டுப் போடுங்க. உங்க மாவட்டத்தில் நடக்கிற ஒவ்வொரு வன்கொடுமைக்கும் ஒரு பக்கம். என்ன நடந்தது, எந்தப் பேப்பரில் என்ன தலைப்பில் வந்தது, எது வரவில்லை. ஒரு வருசம் எழுதினாலே அது பெரிய ஆவணம். "புறக்கணிக்கிறாங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் யாரும் அசைய மாட்டாங்க. தேதியோடு சொன்னால் பதில் சொல்லியாகணும்.

இரண்டு, சம்பவம் நடந்த இடத்துக்குப் போனால் உணர்ச்சியை மட்டும் எழுதாதீங்க. எத்தனை வீடு, எத்தனை மணிக்கு, முதல் தகவல் அறிக்கை போட்டாங்களா, என்ன எண், 1989ஆம் வருச வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எந்தப் பிரிவு. இதை எழுதி நிருபர் கையில் கொடுங்க. தாலுகா நிருபரை எதிரியாகப் பார்க்காதீங்க. அவருக்குச் சம்பளம் இல்லை, பாதுகாப்பு இல்லை. நானும் அப்படி இருந்தவன்தான்.

மூணு, இதழியல் படிக்கப் போங்க. போகிற பிள்ளையைத் தனியாக விடாதீங்க. உள்ளே ஒத்தை ஆளாக உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று போனவங்களுக்குத் தெரியும். வெளியே ஓர் இயக்கம் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்.

நாலு, எந்தப் பத்திரிகை மீது சோதனை நடந்தாலும், அது நேத்து நம்மை 'இரு பிரிவினர்' என்று எழுதின பத்திரிகையாக இருந்தாலும், முதலில் கண்டிப்போம். அடுத்த நாள் அதனிடம் நம்ம கணக்கைக் கேட்போம். வரிசை மாறக் கூடாது.

ஐந்து, இது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, சாகும்வரை நடத்தினார். நமக்குப் பத்திரிகை மரபு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2002இல் புந்தேல்கண்டில் தலித் பெண்கள் முன்னின்று 'கபர் லஹரியா' நடத்தினாங்க. கிராமம் கிராமமாக நடந்து செய்தி சேகரிச்சாங்க. ஆனால் நம்ம இதழ்களைத் திறந்தால் என்ன பார்க்கிறோம்? தலைவர் படம் எத்தனை பக்கம், மக்கள் செய்தி எத்தனை பக்கம்? நம்ம இயக்கத்தின் தவறை நம்ம இதழில் எழுத முடியுமா? நம்ம சமூகத்துக்குள் பெண் மீது நடக்கிற வன்முறையை எழுத முடியுமா? தலைவருக்குப் பிடிக்காது என்று நாம் ஒரு செய்தியை வெட்டினால், அந்த மாவட்ட நிருபருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? சந்தாவை ஒழுங்காகக் கட்டுங்க தோழர்களே. சந்தாவில் நடக்கிற இதழ்தான் யாருக்கும் தலையாட்டாமல் இருக்க முடியும். கையில் போன் இருக்கு, யூடியூப் இருக்கு என்பீங்க. இருக்கட்டும், பயன்படுத்துங்க. ஆனால் அந்தக் கடையும் நம்ம கடை இல்லை. ஒரு உத்தரவில் மூடிவிடலாம் என்பதை மறக்காதீங்க.

தம்பி, காலையில் நீங்க கேட்டதுக்கு என் பதில் இதுதான். பேப்பர் நம்முடையதாக இல்லை என்பது உண்மை. அதனால் அது செத்தாலும் நமக்கு நட்டமில்லை என்பது உண்மை இல்லை. அந்தப் பாட்டி, "நாங்க யாரோட மோதினோம்?" என்று கேட்டாரே, அப்படிக் கேட்பதற்காவது அன்னைக்கு ஆறு வரி இருந்தது. ஆறு வரியும் இல்லாத காலத்துக்கு அவரைக் கொண்டுபோய் விடக் கூடாது. ஆறு வரி போதும் என்றும் விட்டுவிடக் கூடாது.

வணக்கம். ஜெய் பீம்.